விடைக்குக் கைதட்டல்... கேள்விக்கு அதட்டல்!

நான்கு வயதில் நாற்பது தலைநகரங்களைச் சொல்லும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டார்கள். பெற்றவர்கள் பூரிக்கிறார்கள். பூரிக்க வேண்டியதுதான். ஆனால், எதைப் பார்த்துப் பூரிக்கிறோம்?

"உலான் பாட்டர்!"

அப்பா கேட்டு முடிக்குமுன் பதில் வந்து விழுந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மேலகரத்தில் ஒரு வீடு. ஆனி மாதம். கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. அம்மா செல்போனைப் பிடித்திருக்கிறார். அப்பா ஒவ்வொரு நாடாகக் கேட்கிறார். இது மூன்றாவது முறை. முதல் முறை பையன் நடுவில் மூக்கை நோண்டிவிட்டான். இரண்டாம் முறை பெருவில் தடுக்கிவிட்டான்.

"எல, போனப் பாத்து சத்தமாச் சொல்லு. மாமால்லாம் பாப்பாவல்லா!"

நார்வே, கென்யா, பெரு, மங்கோலியா... தப்பில்லாமல் முடிந்தது. கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். நாலு வயது நாக்கில் அந்தப் பெயர்கள் உருள்வதைக் கேட்க யாருக்குத்தான் பிடிக்காது?

போன் கீழே இறங்கியதும் பையன் ஜன்னலுக்கு ஓடினான். வெளியே சுள்ளென்று வெயில். அந்த வெயிலுக்குள்ளேயே பொடிப்பொடியாகச் சாரல். கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு கேட்டான்:

"எப்பா, மேல மேகமே இல்லயே. பெறவு மழ எங்கேருந்து வருது?"

அப்பா வீடியோவை வாட்ஸ்அப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். "சாரல்னா அப்படித்தாம்ல. சும்மா இரி."

அன்று அந்த வீட்டில் நடந்த பெரிய சாதனையை யாரும் படம் பிடிக்கவில்லை.

திருஷ்டிப் பொட்டிலிருந்து ஸ்டேட்டஸ் வரை

அந்த வீட்டு ஆச்சி ஓய்வுபெற்ற ஆசிரியை. கூத்தையெல்லாம் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க காலத்துல பிள்ளையப் பத்தி நாமளே மெச்சிப் பேசமாட்டோம். வேற யாராது மெச்சிட்டா, அன்னைக்குச் சாயந்தரம் மொளகா வத்தலச் சுத்திப் போட்டுருவோம்" என்றார்.

நம்முடைய பழைய பழக்கம் அதுதான். பெருமையை மடிக்குள் ஒளித்துவைப்பது. கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பதன் பொருளே, 'என் பிள்ளை அப்படியொன்றும் அழகில்லை, பார்க்காதே' என்று ஊரிடம் சொல்வதுதான். மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவரும் தாயின் மகிழ்ச்சியைப் பேசுகிறார். பிள்ளையைப் பெற்ற நேரத்தைவிட, அவனை மற்றவர் மெச்சக் கேட்கும் நேரம் அவளுக்குப் பெரிது என்கிறார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தாய் பேசவில்லை. ஊர் பேசுகிறது, தாய் கேட்கிறாள். இன்று தாயும் தகப்பனும் பேசுகிறார்கள், ஊர் 'லைக்' போடுகிறது.

பிள்ளையை மேடையேற்றுவதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. குற்றாலம் சாரல் திருவிழாவில் கொழு கொழு குழந்தைகள் போட்டி நடப்பதுண்டு. சட்டைக்கு மேல் சட்டை போட்டு, சாரலில் நனையாமல் துண்டால் மூடி, தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிவருவார்கள். அங்கே பிள்ளை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கொழுகொழுவென்று இருந்தால் போதும். பரிசு கிடைத்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியவும் தெரியாது.

இப்போதைய மேடை வேறு. கட்டணம் கட்டினால் சான்றிதழும் பதக்கமும் தபாலில் அனுப்பும் தனியார் 'சாதனைப் புத்தகங்கள்' நிறைய வந்துவிட்டன. ஒரு நிமிடத்தில் எத்தனை கொடி, எத்தனை விலங்கு, எத்தனை தலைநகரம் என்று கணக்கு. இரண்டு வயதுப் பிள்ளை கழுத்தில் பதக்கத்தோடு நிற்கும் படம் உள்ளூர்ச் செய்தியில் வருகிறது. பக்கத்து வீட்டில் அதே வயதுப் பிள்ளை அப்போதுதான் இரண்டு சொல் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்கும். அந்தத் தாய்க்கு அன்றிரவு தூக்கம் போகிறது.

┌ பெட்டிச் செய்தி: கேள்விக் கணக்கு ┐

• இரண்டு வயது முதல் ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தை 'ஏன், எப்படி' என்று விளக்கம் கேட்கும் கேள்விகள் சுமார் 40,000 இருக்கும் என்று ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் பால் ஹாரிஸ் மதிப்பிட்டார்.

• லண்டனில் பார்பரா டிசார்டு, மார்ட்டின் ஹியூஸ் இருவரும் நான்கு வயதை ஒட்டிய 30 சிறுமிகளின் பேச்சை ஒலிப்பதிவு செய்தார்கள். 1984இல் அது நூலாக வந்தது. வீட்டில் தாயிடம் மணிக்குச் சராசரி 26 கேள்விகள். அதே சிறுமிகள் மழலையர் பள்ளியில் கேட்டது மணிக்கு 2.

└──────────┘

பதக்கம் மாட்டினால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1973இல் வெளிவந்தது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் நடத்தினார்கள். ஸ்கெட்ச் பேனாவில் படம் போடுவது என்றால் உயிரைவிடும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம், 'படம் போட்டால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் கிடையாது.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, பேனாக்களைச் சும்மா மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்கள். சான்றிதழுக்காகவே படம் போட்ட குழந்தைகள், மற்றவர்கள் படம் போட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் அந்தப் பேனாவைத் தொட்டார்கள். அதுவரை விளையாட்டாக இருந்தது, கூலி வேலையாக மாறிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் குறைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளிடம் இந்தக் குறை தெரியவில்லை.

பெற்றவர்களுக்கு இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. தானாகச் செய்ததைப் பார்த்து மனம் விட்டு மகிழ்ந்தால் பிள்ளைக்குக் கேடில்லை. 'செய்தால் தருவேன்' என்று பேரம் தொடங்கும்போதுதான் ஆர்வம் தேய்கிறது.

பாராட்டும் சொல்லுக்கும் பங்கிருக்கிறது. 1998இல் கிளாடியா மியூல்லர், கேரல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்பு மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வுகள் வெளிவந்தன. முதல் புதிரைப் போட்டு முடித்ததும் சிலரிடம், 'நீ புத்திசாலி' என்றார்கள். சிலரிடம், 'நன்றாக முயன்றிருக்கிறாய்' என்றார்கள். அடுத்து எளிதானதா, கடினமானதா என்று பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் பெரும்பாலும் எளிதானதையே நாடினார்கள். கடினமான புதிரில் ஒருமுறை சறுக்கிய பிறகு, பழைய அளவுக்குக்கூட அவர்களால் போட முடியவில்லை. கிடைத்த பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! இப்படிப்பட்ட ஆய்வுகள் காட்டும் பலன் எவ்வளவு பெரியது என்பதில் பிற்பாடு ஆய்வாளர்களிடையே வாதம் எழுந்தது. என்றாலும், 'புத்திசாலிப் பிள்ளை' என்று பேர் வாங்கிய குழந்தை தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசுவதை நாம் வீட்டிலேயே பார்க்கிறோம்.

தலைநகர்ப் பையனையே எடுத்துக்கொள்வோம். உலான் பாட்டர் என்றால் அவன் உலகம் கைதட்டுகிறது. மேகம் எங்கே என்றால் 'சும்மா இரி' என்கிறது. எதைச் செய்தால் வீடு மலரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் அவன் ஜன்னலுக்கு ஓடமாட்டான். ஆறாம் வகுப்பில், 'யாருக்காவது சந்தேகம் இருக்கா?' என்று ஆசிரியர் கேட்கும்போது நாற்பது தலைகள் குனிகின்றனவே, அந்தக் குனிவு அங்கே தொடங்கியதில்லை.

ஹார்வர்டில் 11 வயது

வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ் என்று ஒரு பையன். 1898இல் நியூயார்க்கில் பிறந்தவன். தகப்பனார் போரிஸ் சைடிஸ் உளவியல் மருத்துவர். எந்தப் பிள்ளையையும் மேதையாக்கலாம் என்று நம்பியவர், தன் பிள்ளையையே அதற்குச் சாட்சியாக நிறுத்தினார். 1909இல், 11 வயதில், ஹார்வர்டில் சேர்ந்தான். அடுத்த ஜனவரியில் நாற்பரிமாண வடிவங்கள் பற்றிக் கணிதப் பேராசிரியர்கள் முன்னால் பேசினான். பத்திரிகைகள் கொண்டாடின.

பெரியவரானதும் சைடிஸ் கூட்டத்தை விட்டு ஓடினார். சின்னச் சின்ன எழுத்தர் வேலைகள் பார்த்தார். டிராம் வண்டி மாற்றுச் சீட்டுகளைச் சேகரித்தார், அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1937இல் 'நியூயார்க்கர்' இதழ் அவரைத் தேடிப்பிடித்து, 'அந்த மேதை இப்போது எங்கே' என்ற தோரணையில் கட்டுரை போட்டது. தன்னை நிம்மதியாக விடவில்லை என்று வழக்குப் போட்டார். 1940இல் தோற்றார். ஒருகாலத்தில் எல்லாருக்கும் தெரிந்தவராக இருந்ததால், மக்களுக்கு அவரைப் பற்றி அறியும் ஆவல் நியாயமே என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். நான்கு ஆண்டில், 46 வயதில் இறந்துபோனார்.

தன்னை மேடையில் ஏற்றலாமா என்று அந்தப் பையனை யாரும் கேட்கவில்லை. இறங்க நினைத்தபோது வழியில்லை. அன்று அதற்கு ஒரு பத்திரிகை தேவைப்பட்டது. இன்று ஒரு செல்போன் போதும்.

நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. ஆனால், தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்காக ஒருவர் செய்வதை அந்தச் சட்டம் தொடுவதில்லை. ஆகவே, பிள்ளையின் படத்துக்குக் காவல் பெற்றவர்தான். அந்தக் காவலரே வாசலைத் திறந்துவைத்தால், கேட்க ஆளில்லை.

பீடித் தட்டுக்குப் பக்கத்தில்

பிள்ளைகளின் ஆர்வத்தை வளர்க்கக் காசு வேண்டும், அபாகஸ் வகுப்பு வேண்டும், ஆங்கிலம் பேசும் வீடு வேண்டும் என்று ஒரு நினைப்பு பரவிக்கிடக்கிறது. தென்காசி வட்டாரத்துத் திண்ணைகளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது உடைந்துபோகும்.

மடியில் பீடித் தட்டோடு ஒரு தாய். கை தன் பாட்டுக்கு இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டுகிறது. வாய் சும்மாதான் இருக்கிறது. பக்கத்தில் ஐந்து வயது மகள்.

"எம்மா, இந்த எல எந்த ஊரு மரம்?"

"நம்ம ஊருல இல்ல. வடக்கேருந்து வருது."

"வடக்கேன்னா? குத்தாலத்துக்கு அங்கிட்டா?"

"குத்தாலம் மேக்க. வடக்க ரயில்ல ரெண்டு நாள் போவணும்."

"அப்ப எல வாடிப்போவாதா?"

அந்தத் தாய் சிரித்துவிட்டார். "வாடுன எலதாம்ட்டீ இது. தண்ணில நனச்சாத்தான் சுருட்டவே வரும்."

ஒரு பாடம் முடிந்தது. பூகோளம், தாவரவியல், போக்குவரத்து எல்லாம் அதில் இருந்தன. பீடி இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. அந்த மாநிலங்களின் தலைநகரம் அந்தச் சிறுமிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளிடம் ஒரு காரணம் இருக்கிறது.

லண்டன் ஒலிப்பதிவில் கிடைத்த முக்கியமான முடிவும் இதேதான். தொழிலாளர் வீட்டுச் சிறுமிகளும் வசதியான வீட்டுச் சிறுமிகளும் வீட்டில் இருக்கும்போது கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார்கள். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் நடந்த பேச்சில்தான் ஆழமான கேள்விகள் வந்தன. கல்வியில்லாத வீடு என்று பள்ளிக்கூடம் நினைத்த வீடுகளில் கல்வி நடந்துகொண்டிருந்தது.

வறுமைக்கு மாலை போட இதைச் சொல்லவில்லை. புகையிலைத் தூள் பறக்கும் இடத்தில் பிள்ளை உட்கார வேண்டியிருப்பது நல்லதில்லை. ஆனால், பிள்ளை கேட்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது பெரும் செல்வம். அந்தச் செல்வம் எந்த வீட்டில் இருக்கிறது, எந்த வீட்டில் போன் திரைக்குள் போய்விட்டது என்பதுதான் இன்றைய கேள்வி.

┌ பெட்டிச் செய்தி: மேகமில்லாமல் மழை எப்படி? ┐

மேலகரத்துப் பையனுக்குப் பதில் இதோ. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்க, கேரளப் பக்கம் மேலேறிக் குளிர்ந்து பெருமழையாகக் கொட்டுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாயில் மலை தாழ்ந்திருக்கிறது. அந்த வாசல் வழியே பாயும் காற்று, மலையின் மேல் பெய்யும் மழையின் பொடித் துளிகளையும் அள்ளிவருகிறது. மேகம் மலைமேல் நிற்கும், துளி தென்காசியில் விழும். தலைக்கு மேல் வெயிலும் அடிக்கும். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும் இந்தக் காற்றின் தயவில்தான்.

└──────────┘

இரண்டு சதுரங்க வீடுகள்

'அப்படியானால் சாதனையே வேண்டாமா? பிரக்ஞானந்தா இல்லையா, குகேஷ் இல்லையா?' என்று கேட்கலாம். இருக்கிறார்கள். அந்த வீடுகளையும் எட்டிப்பார்ப்போம்.

சென்னையில் ரமேஷ்பாபு, நாகலட்சுமி தம்பதி மூத்த மகள் வைஷாலியைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தது, அவர் டி.வி.யில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்கத்தான். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பி பலகைக்கு வந்தான். அந்தத் தம்பி பிரக்ஞானந்தா 2016இல், 10 வயதில், உலகின் மிக இளைய சர்வதேச மாஸ்டர் ஆனான். 2018இல் கிராண்ட்மாஸ்டர். பின்னர் வைஷாலியும் கிராண்ட்மாஸ்டராக, அந்தப் பட்டம் பெற்ற உலகின் முதல் அக்கா–தம்பி ஆனார்கள். 2023இல் பாகுவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் எடுத்த ஒரு படம் பலருக்கும் நினைவிருக்கும். மகனை நிருபர்கள் சூழ்ந்து நிற்க, சற்றுத் தள்ளி நின்று நாகலட்சுமி பூரித்துப் பார்க்கிறார். வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அவர் அடுப்பும் குக்கரும் கொண்டுபோய் ரசம் சோறு ஆக்கிப்போடுவது ஊரறிந்த சேதி. அந்தப் பெருமைக்குச் சத்தம் கிடையாது.

குகேஷ் ஏழு வயதில் சதுரங்கம் கற்றார். 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர் 12இல், 18 வயதில், சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலக சாம்பியன். தகப்பனார் ரஜினிகாந்த் காது மூக்கு தொண்டை மருத்துவர். தொழிலை ஓரங்கட்டிவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். தாயார் பத்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா செய்ததுதான் நமக்கு முக்கியம். சரியான நகர்வை நொடியில் சொல்லிவிடும் கணினி இன்ஜினை, கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அவர் அந்தப் பையனுக்குக் காட்டவில்லை. விடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அதைத் தள்ளிவைத்துத் தானே யோசிக்கவிட்டார்.

இந்தக் கதைகளில் பெற்றவர் கொடுத்த விலையும் உண்டு. தொழில், சேமிப்பு, பிள்ளையின் பள்ளிக்கூட நாட்கள். சதுரங்கம் ஆடும் ஆயிரமாயிரம் பிள்ளைகளில் ஒருவர் அங்கே போய் நிற்கிறார். அதனால் இதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை எதை நோக்கி ஓடுகிறது என்று முதலில் பார்த்தார்கள், பிறகு கூடவே ஓடினார்கள். எந்த வீட்டுக்கும் பொருந்துவது அவ்வளவுதான்.

சிங்கன் கேட்ட கேள்விகள்

மேலகரத்துக்கே திரும்புவோம். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழைய பெருமையும் இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அந்த நூலுக்காக அவருக்குக் கொடுத்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்று பேர் பெற்றது.

அந்த நூலில் பலரும் மறக்காத இடம், ஊர் சுற்றிக் குறி சொல்லிவிட்டுத் திரும்பிய சிங்கியைச் சிங்கன் சந்திக்கும் காட்சி. அவள் உடம்பெல்லாம் புதுப்புது நகை. அவன் காட்டில் குருவி பிடிக்கிறவன், நகையைக் கண்டவனில்லை. காலில் கிடப்பது விரியன் பாம்போ என்கிறான். சிலம்பு என்கிறாள் அவள். அது என்ன, இது என்ன என்று உச்சிவரை கேட்டுக்கொண்டே போகிறான். அவளும் சலிக்காமல், ஒவ்வொன்றும் எந்த நாட்டில் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். தெரியாதவன் தனக்குத் தெரிந்ததை வைத்துத் தெரியாததை அளக்கிறான். நாலு வயதுப் பிள்ளை செய்வதும் அச்சாக இதைத்தான். 'தெரியாதவன் வாயைத் திறக்காதே' என்று சிங்கி அதட்டியிருந்தால் அந்தப் பாட்டே பிறந்திருக்காது.

┌ பெட்டிச் செய்தி: பெருமைப்பட ஐந்து வழிகள் ┐

• தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில், அன்று பிள்ளை கேட்ட ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். வருடக் கடைசியில் 365 தாள். எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடில்லை.

• பதில் தெரியாவிட்டால், 'தெரியலயே, ரெண்டு பேருமாப் பாப்போமா?' என்று சொல்லுங்கள். கூகுளுக்கு முன்னால், 'நீ என்ன நினைக்கே?' என்று கேளுங்கள்.

• 'நீ கெட்டிக்காரன்' என்பதோடு நிறுத்தாமல், 'இத எப்படிக் கண்டுபிடிச்ச?' என்று கேளுங்கள்.

• வீடியோவைப் பகிருமுன் பிள்ளையிடம் சம்மதம் கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள்.

• அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். பேச்சு தாமதமாகிறது என்று கவலை இருந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், ஸ்டேட்டஸைப் பார்க்காதீர்கள்.

└──────────┘

கிளம்பும் நேரத்தில்

அந்த வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பையன் வாசல்வரை வந்தான். நான் செருப்பு மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, நீங்க எதுக்கு எல்லார்ட்டயும் கேள்வியாக் கேட்டுட்டே இருக்கிய?" என்றான்.

"அதான் என் வேல" என்றேன்.

"கேள்வி கேட்டா ரூவா தருவாங்களா?"

"தருவாங்க. கொஞ்சமா."

கொஞ்சம் யோசித்தான். "அப்ப எனக்கும் அந்த வேலதான் வேணும்."

ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். அம்மா அவசரமாகப் போனைத் தேடி எடுத்து, "எல, இப்பச் சொன்னியே, அத இன்னொருக்கச் சொல்லு" என்றார்.

அவன் காதில் அது விழவில்லை. வாசற்படியில் நின்று, வெயிலில் இறங்கும் சாரலுக்குக் கையை நீட்டி, உள்ளங்கையில் எத்தனை துளி விழுகிறது என்று எண்ணத் தொடங்கியிருந்தான்.